நாலாம் நம்பர் கேமரா

ஆடி மாதம், காலை பத்து மணி. ஆரணிப் பட்டுக்கடைகளுக்கு இது வியாபார மாதம் இல்லை. ஆவணி முகூர்த்தங்களுக்குச் சரக்குச் சேர்க்கிற மாதம். காந்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் முன்னால் கடை, நடுவில் குடோன், பின்னால் தறிக்கூடம் என்று நீளவாக்கில் கிடக்கிறது கட்டடம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் வெள்ளை விரிப்பு. சுவரோரத் திண்டில் சாய்ந்திருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் காபி வந்தது. அதன்பிறகு அவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க இதைவிட வசதி வேண்டாம்.

கல்லாவில் முதலாளி. அறுபது வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. அவருக்கு இடதுகைப் பக்கம், எலெக்ட்ரானிக் தராசையும் நீளமான கணக்குப் புத்தகத்தையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் கணக்கர். முதலாளியைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொள்கிறார்கள். மூன்றாவது ஆள் வந்தால் தமிழுக்கு மாறுகிறார்கள். இப்போது வந்திருக்கும் மூன்றாவது ஆள், கேமரா சரிபார்க்கிற பையன்.

களம்பூர்ப் பக்கத்திலிருந்து டூவீலரில் வந்திருக்கிறான். முதுகில் பை, பேண்ட்டின் பின்பாக்கெட்டில் வயர் முனை அமுக்கும் கிரிம்பிங் டூல். இருபத்து நாலு, இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. விரிப்பின் ஓரத்திலேயே நின்றுகொண்டு, கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கும் டிவியைப் பார்க்கிறான். திரை நாலு கட்டமாகப் பிரிந்திருக்கிறது. மூன்றில் படம் வருகிறது. ஒன்று கறுப்பு.

“நாலு கேமரா போட்டேன்பா. ஒண்ணு இருந்தா ஒண்ணு இல்ல. போட்டுக் குடுத்தவன் இப்ப போனே எடுக்கறதில்ல.”

“எப்பலேர்ந்துண்ணா இப்படி?”

முதலாளி கணக்கரைப் பார்க்கிறார். கணக்கர் பையனைப் பார்க்கிறார். பையன் இன்னும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். கணக்கர் வாயைத் திறக்கவில்லை. கேட்டவன் தன்னைக் கேட்கவில்லையே என்பதுபோல் பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுகிறார்.

“ஆனி கடைசிலேர்ந்துன்னு வெச்சுக்கோ” என்கிறார் முதலாளி.

பையனின் முதல் வேலை எதையும் தொடாமல் இருப்பது. எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று நடந்து பார்க்கிறான். ஒன்று, வாசல். இரண்டு, கல்லாவும் தராசும். மூன்று, குடோன். நாலு, தறிக்கூடத்தின் பின்வாசல். நாலிலிருந்தும் நெட்வொர்க் வயர் கடைக்கு வந்து, படிக்கட்டின் அடியில் உள்ள ஒரு ஸ்விட்ச்சில் சேர்கிறது. படத்தைக் கொண்டுவரும் அதே வயர்தான் கேமராவுக்குக் கரண்டையும் கொண்டுபோகிறது. 2003-இல் இதற்கு ஒரு பொதுத் தரம் வந்தது. அதிலிருந்து கேமராவுக்குப் பக்கத்திலேயே ப்ளக் பாயிண்ட் தேடும் வேலை போயிற்று. ஒரு வயர், இரண்டு வேலை. வசதிதான். ஆனால் படம் வராவிட்டால் எந்த வேலை நின்றது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

ரெக்கார்டரை நெருங்கிப் பார்த்தவன் சிரித்துவிடுகிறான். திரையின் மூலையில் தேதி: 2000 ஜனவரி 1.

“இன்னாப்பா சிரிக்கிற?”

“இருபத்தஞ்சு வருஷம் பின்னாடி ஓடிகினு இருக்குண்ணா. உள்ள ஒரு பட்டன் செல் இருக்கும். அது காலி. கரண்ட் போயி வந்தா தேதி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.”

இப்போது கணக்கர் நிமிர்கிறார். “தேதி தப்பா இருந்தா அது என்ன கணக்கு?”

யாரும் பதில் சொல்லவில்லை. கேட்டது சரியான கேள்வி. நாளைக்கே ஒரு திருட்டு நடந்து, அந்த இரவின் படத்தில் 2000 ஜனவரி என்றிருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் முதல் கேள்வியே அதுதான். கோர்ட்டுக்குப் போனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட பதிவோடு ஒரு சான்றிதழும் கேட்கும். எந்தக் கருவி, எப்படிப் பதிந்தது என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பையன் பையைத் துழாவி நாணய அளவில் ஒரு பேட்டரி எடுக்கிறான். மூடியைக் கழற்றி மாற்றி, இன்டர்நெட்டிலிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளும்படி அமைக்கிறான். திரையில் இன்றைய தேதி வருகிறது. கணக்கர் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார்.

இதற்கிடையில் ஒரு நெசவாளர் உள்ளே வருகிறார். அத்திமலைப்பட்டிலிருந்து. கையில் துணிப்பை, உள்ளே நெய்து முடித்த சேலை. வணக்கம் இல்லை, குசலம் இல்லை. சேலை நேராகத் தராசுக்குப் போகிறது. 670 கிராம். கணக்கர் பழைய பக்கம் ஒன்றைப் புரட்டுகிறார். இவருக்குப் பாவு எவ்வளவு கொடுத்தது, ஊடைப்பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு என்று கிராம் கணக்கில் எழுதியிருக்கிறது. கூட்டுகிறார், கழிக்கிறார், சேதாரத்துக்கு விடுகிறார். கணக்கு நேராகிறது. முதலாளி சேலையை விரித்து, உடலும் பார்டரும் சேரும் இடத்தை விரலால் நீவிப் பார்க்கிறார். முந்தானையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். பிறகுதான், “பொண்ணுக்கு எப்பப்பா கல்யாணம்?” என்று கேட்கிறார்.

இந்த ஊரின் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அந்தப் பட்டின் மூலப்பொருள் எதுவும் இந்த ஊரில் விளைவதில்லை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. இங்கே உள்ளது கை. கைக்கு வெளியே போவதும் திரும்பி வருவதும் எடை. அதனால்தான் இரண்டாம் நம்பர் கேமரா, தராசுக்கு நேர் மேலே.

கணக்கர் அண்ணாந்து அதைப் பார்க்கிறார்.

“தம்பி, இதுல எடை தெரியுமா?”

பையன் திரையைப் பெரிதாக்கிக் காட்டுகிறான். தராசின் சிவப்பு எண்கள் ஒரே ஒளித்திட்டாகத் தெரிகின்றன. “நம்பர் தெரியாதுங்க ஐயா. கை தெரியும்.”

“கையை நானே பாத்துகினுதான் இருக்கேன்.”

நெசவாளர் சிரிக்கிறார். அடுத்த சேலைக்கான ஊடைப்பட்டை எடை போட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.

பதினொன்றரைக்கு, யாரோ ஒரு மொத்த வியாபாரிக்குப் பில் போட பிரிண்டரை ஆன் செய்கிறார்கள். அது முனகி, விளக்கெரிகிறது. டிவியில் மூன்றாவது கட்டம் உறைகிறது. பிறகு கறுப்பாகிறது.

“பாத்தியா? இப்படித்தான்!” முதலாளிக்கு, நோய் டாக்டர் முன்னாலேயே வந்துவிட்டதில் ஒரு திருப்தி.

பையன் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொள்கிறான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுகின்றன. “பிரிண்டரை அணைங்கண்ணா” என்கிறான். அணைக்கிறார்கள். குடோன் படம் திரும்புகிறது. “போடுங்க.” போடுகிறார்கள். போய்விடுகிறது. மூன்றாம் முறை சொன்னபோது கடைப்பையன் சலித்துக்கொள்கிறான்.

விஷயம் இதுதான். கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1 என்று தொடங்கும் ஒரு முகவரி உண்டு. வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் மட்டும் புழங்கவென்று 1996-இல் ஒதுக்கி வைத்த எண்கள். ஆரணியிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கான இடங்களில் இதே எண்கள்தான். சுவருக்கு வெளியே போகாதவரை சண்டை இல்லை. ஆனால் ஒரே சுவருக்குள் இரண்டு கருவிக்கு ஒரே எண் வரக்கூடாது. கேமரா போட்டவன் குடோன் கேமராவுக்குக் கையால் ஒரு எண் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதே எண்ணை வருகிற கருவிகளுக்கு வழங்கும் உரிமை ரௌட்டரிடமும் இருந்தது. அது பிரிண்டருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டது.

பையன் இதை முதலாளிக்கு இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. “ரெண்டுக்கும் ஒரே நம்பர்ணா. மாத்திடறேன்” என்றான். நாலு கேமராவையும் 201 முதல் 204 வரை, ரௌட்டர் கை வைக்காத எல்லைக்கு நகர்த்தினான். பிரிண்டர் பில் துப்பியது. குடோன் திரையிலேயே நின்றது.

வாசல் கேமராவில் அடுத்த குறை. உள்ளே வருகிறவர் எல்லோரும் முகம் தெரியாத நிழல். வெயில் பின்னால், ஆள் முன்னால். பையன் மெனுவுக்குள் போய், வெளிச்சமும் நிழலும் கலந்த காட்சியைச் சமன்படுத்தும் வசதியை ஆன் செய்கிறான். பால்காரர் முகம் தெரிகிறது. முதலாளி, “அட, சவரம் பண்ணலை” என்கிறார்.

மிச்சம் நாலாம் நம்பர்.

காலையில் கறுப்பாக இருந்தது இப்போது தெளிவாகத் தெரிகிறது. பின்வாசல் இரும்புக் கதவு, அதற்கு வெளியே முருங்கை மரம், கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு குழித்தறியின் பாதி. யாரும் எதுவும் செய்யவில்லை. தானாக வந்திருக்கிறது. பழுது பார்ப்பவனுக்கு இதைவிடத் தொல்லை கிடையாது. அவன் கேமராவைக் கழற்றி மாட்டுகிறான். முனையை வெட்டி, எட்டுக் கம்பியையும் நிற வரிசைப்படி நுழைத்துப் புதிதாக கிரிம்ப் செய்கிறான். ஸ்விட்ச்சில் வேறு துளைக்கு மாற்றுகிறான். எல்லாவற்றிலும் படம் வருகிறது. நன்றாக இருக்கும் ஒன்றை எப்படிச் சரிசெய்வது?

“கேமராவே போச்சுன்னு நெனைக்கிறேண்ணா. புதுசு போட்டுடலாம்.”

முதலாளியின் முகம் மாறுகிறது. கணக்கர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தைத் திறந்து, பையன் பக்கமாகத் தள்ளுகிறார்.

நீல மையில் ஒரு பட்டியல். ஆடி 3, மாலை 6.30, நாலு இல்லை. ஆடி 4, மாலை 6.25, நாலு இல்லை. ஆடி 5, அதே. ஆடி 6, மழை, மாலை 4.50, நாலு இல்லை. ஆடி 7, மாலை 6.30. ஒவ்வொன்றுக்கும் எதிரில், மறுநாள் வெயில் ஏறியபின் திரும்பி வந்த நேரம்.

பையன் பட்டியலின் மேலிருந்து கீழாக விரலை ஓட்டுகிறான். மழை நாளில் விரல் நிற்கிறது. 4.50. மற்ற நாளெல்லாம் விளக்கு வைக்கிற நேரம். அன்று மட்டும் ஒன்றரை மணி நேரம் முன்னால்.

“ஐயா, இதை காலையிலேயே சொல்லியிருக்கலாமே?”

“நீ முதலாளியைத்தானே கேட்டே.”

பையன் எழுந்து ஓடுகிறான். வழியில் சேலை மூட்டை கட்டுகிற ஒரு காடாத் துணியை உருவிக்கொள்கிறான். தறிக்கூடத்தில் ஏணி போட்டு ஏறி, நல்ல வெயிலில், நாலாம் நம்பர் கேமராவின் மேல் அந்தத் துணியை நாலாக மடித்துப் போர்த்துகிறான். துணிக்குள்ளிருந்து மங்கலான சிவப்பு வெளிச்சம். இருட்டிவிட்டது என்று கேமரா நம்பிவிட்டது. தன் அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றுகிறது.

“போச்சுப்பா! போச்சு!” என்று கடையிலிருந்து முதலாளியின் குரல்.

துணியை எடுக்கிறான். சற்று நேரத்தில் “வந்துடுச்சு!” என்று குரல் வருகிறது.

இனிமேல் அவன் வேகமே வேறு. பகலில் கேமரா மூன்று, நாலு வாட்டில் ஓடிவிடும். இரவு விளக்கு எரிந்தால் அதற்கு இரண்டு மடங்கு வேண்டும். அந்தக் கூடுதல் பாரத்தை வயர் தாங்கவில்லை. சின்ன டெஸ்டரை ஸ்விட்ச் பக்கம் செருகுகிறான், 51 வோல்ட். கேமரா பக்கம், 43. துணியைப் போர்த்தச் சொல்கிறான். 38, 35, பிறகு ஒன்றும் இல்லை. வழியில் எங்கோ வோல்ட் கசிகிறது.

வயர் போகும் வழியே அவனும் போகிறான். குடோன் பரண் மேல் தவழ்கிறான். அட்டைப்பெட்டி, பழைய ஜக்கார்டு அட்டைக் கோவைகள், காலாவதியான காலண்டர்கள். குடோனும் தறிக்கூடமும் சேரும் இடத்தில், ஓட்டுக்கு அடியில் அது இருக்கிறது. வயர் எட்டாமல் போயிருக்கிறது. இன்னொரு துண்டைச் சேர்த்து எட்டுக் கம்பியையும் கையால் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப். ஓடு ஒழுகிய ஈரம் டேப்புக்குள் இறங்கியிருக்கிறது.

வெட்டிய துண்டோடு கடைக்கு வந்து அதை விரிப்பின் மேல் வைக்கிறான்.

“ஜாயிண்டுல பிரச்சினைண்ணா. அதைவிட, இது வயரே இல்ல. முழுச் செம்பா இருக்கணும். இது அலுமினியம். மேல செம்புப் பூச்சு.”

முதலாளி ஒன்றும் சொல்லாமல் துண்டைக் கையில் எடுக்கிறார். மூக்குக் கண்ணாடியை ஏற்றுகிறார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளேடு எடுத்து, மெல்லிய ஒரு கம்பியை விரல் நகத்தின் மேல் வைத்துச் சுரண்டுகிறார். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை.

இந்தச் சுரண்டல் அவருக்குப் புதிதல்ல. ஜரிகை வாங்கும் ஒவ்வொரு முறையும் செய்கிறதுதான். நல்ல ஜரிகையில் நடுவே சிவப்புப் பட்டு இழை, அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் பொன் முலாம். சுரண்டினால் வெள்ளி, அதற்குள் சிவப்பு தெரிய வேண்டும். போலியில் செம்பு தெரியும். சில சமயம் வெறும் பிளாஸ்டிக் படலம். ஜரிகையை மார்க் கணக்கில் வாங்குவார்கள். ஒரு மார்க் சுமார் 240 கிராம். ஒரு மார்க்கில் ஏமாந்தால் சேலையில் ஏமாந்த மாதிரி. சேலையில் ஏமாந்தால் பெயரில். அதனால் சூரத்திலிருந்து வரும் கட்டில் எது எப்படி என்று இவரிடம் யாரும் பேச முடியாது. வெளிச்சத்தில் பிடித்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

“டூப்ளிகேட்” என்கிறார் முதலாளி. குரலில் வயரைவிடத் தன்மேல்தான் கோபம் அதிகம்.

“விலை கம்மின்னு இதை வாங்கிடுவாங்கண்ணா. அலுமினியத்துல கரண்ட் ஓட்டம் செம்பைவிட நல்லாவே கம்மி. சீக்கிரம் ஒடியும். முறுக்கினா அங்க வெள்ளையாப் பூத்து, கரண்டை மறிக்கும். அதுக்குமேல ஈரம்.”

“வயர் யார் வாங்கினது?” என்று கணக்கர் கேட்கிறார். பதில் தெரிந்து கேட்கிறார் என்பது குரலிலேயே தெரிகிறது.

முதலாளி ஜன்னல் பக்கம் பார்க்கிறார். “நான்தான். ஒரு சுருள் பாதி விலைக்குக் கெடச்சுது.”

“அன்னைக்குப் பிளேடு எங்க போச்சு?”

இருவரும் சௌராஷ்டிரத்துக்கு மாறிவிடுகிறார்கள். சத்தம் கொஞ்சம் ஏறுகிறது, பிறகு சிரிப்பு. கடைப்பையன் நல்ல செம்பு வயர் வாங்க ஓடுகிறான். வாங்கி வந்ததை முதலாளி முதலில் சுரண்டிப் பார்க்கிறார். உள்ளேயும் செம்பு. பிறகுதான் பையன் கையில் கொடுக்கிறார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புதிய வயர் இழுக்கிறார்கள். நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளம். நூறு மீட்டர்தான் இதற்கு வரம்பு. இங்கே அளந்தால் எண்பதைத் தாண்டவில்லை. முதல் ஆளும் ஒரே துண்டாக இழுத்திருக்கலாம். மிச்சத் துண்டுகளைத் தீர்க்கப் பார்த்திருக்கிறான்.

தறிக்கூடத்தில் இப்போது சத்தம் நிற்கிறது. முதல் தறியில் உட்கார்ந்திருந்த அக்கா குழியிலிருந்து காலை வெளியே எடுத்து, எழுந்து, கேமராவை ஒருமுறையும் பையனை ஒருமுறையும் பார்க்கிறார்.

“இது எதுக்குப்பா என் தறி மேல?”

“தறி மேல இல்லக்கா. கதவுக்கு.”

அவர் நேராகக் கடைக்கு வருகிறார். விரிப்பில் ஏறவில்லை. நிலைப்படியில் நின்றபடி டிவியைப் பார்க்கிறார். கதவுக்குப் பக்கத்தில் அவருடைய தறியின் பாதி, அவர் உட்காரும் இடம் முழுதும்.

“முதலாளி, நான் நாளெல்லாம் அங்க குனிஞ்சு நிமிர்றவ. இதை போன்ல வேற யார் யார் பாக்கறாங்களோ.”

“உன்னைப் பாக்க இல்லம்மா. வாசலைப் பாக்கத்தான்.”

“அப்ப வாசலை மட்டும் பாக்கச் சொல்லுங்க.”

முதலாளியிடம் இதற்குப் பதில் இல்லை. பையன் இருவருக்கும் நடுவில் லேப்டாப்பை வைக்கிறான். மெனுவில் ஒரு வசதி. படத்தில் எந்தப் பகுதி வேண்டாமோ அதன்மேல் ஒரு கட்டம் வரைந்தால் அது கறுப்பாகிவிடும். பதிவிலும் அப்படியேதான் விழும், பிறகு எடுக்க முடியாது. தறியின் மேல் வரைகிறான். அக்கா குனிந்து பார்க்கிறார்.

“இன்னும் கொஞ்சம் இந்தாண்ட இழு.”

இழுக்கிறான்.

“மேலயும்.”

மேலேயும் ஏற்றுகிறான். கதவும் முருங்கையும் மட்டும் மிஞ்சுகின்றன. அக்கா ஒருமுறை தறிக்குப் போய் உட்கார்ந்து, “தெரியுதா?” என்று குரல் கொடுக்கிறார். “தெரியலக்கா” என்கிறான். தறிச் சத்தம் மறுபடி தொடங்குகிறது.

அடுத்து போன் விஷயம். இரவெல்லாம் முதலாளியின் போனுக்கு எச்சரிக்கை வருகிறதாம். இரண்டு மணிக்கு எழுந்து, விளக்கைப் போட்டு, வீட்டம்மாவை எழுப்பி, கடைசியில் பார்த்தால் ஒரு பூச்சி. பையன் வாசல் கேமராவின் கண்ணாடியைத் துடைக்கிறான். மூடியின் விளிம்பிலிருந்து சுவர்வரை சிலந்தி வலை. இரவில் இந்த விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், வலை காற்றில் ஆடினால் கேமராவுக்கு அது ஆள். வலையைக் கலைத்து, ஆள் உருவம் தெரிந்தால் மட்டும் கூப்பிடும்படி மாற்றுகிறான். “ஒட்டடை அடிக்கறப்ப இதையும் அடிக்கணும்ணா.”

சாயங்காலம். தெருவில் வெயில் இறங்கிவிட்டது. நாலு கட்டத்தையும் பார்த்தபடி முதலாளி, கணக்கர், பையன், கடைப்பையன். ஆறரைக்கு வாசல் கேமரா நிறத்தை இழந்து சாம்பலாகிறது. பிறகு நாலாம் நம்பர். முருங்கை மரம் வெள்ளையாக நிற்கிறது, இரும்புக் கதவின் தாழ்ப்பாள்கூடத் தெரிகிறது. ஏழாகிறது. போகவில்லை.

கணக்கர் எழுதுகிறார். “ஆடி 8, 7.00, நாலு இருக்கு.”

கடைசியாகக் குடோன் விளக்கை அணைக்கிறார்கள். மூன்றாம் கட்டமும் இரவுக்கு மாறுகிறது. முதலாளி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போகிறார்.

“என் கலரெல்லாம் எங்கப்பா?”

அலமாரியில் அரக்கு இருந்தது, மயில்கழுத்து இருந்தது, கத்திரிப்பூ, எம்.எஸ். ப்ளூ, மாம்பழ மஞ்சள் எல்லாம் வரிசையாக இருந்தன. திரையில் எல்லாம் வெளிர்ச் சாம்பல். அதிலும் அரக்குச் சேலைகள், பகலில் கண்ணுக்கு அவ்வளவு அழுத்தமாகத் தெரிந்தவை, வெளுத்துப்போய்க் கிடக்கின்றன. சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் விழுங்குகின்றன. இந்த விளக்கின் வெளிச்சம் கண்ணுக்கு எட்டாத பக்கம். பெரும்பாலான சாயங்கள் அதைத் தடுப்பதில்லை. சாயம் ஏற்றாத பட்டைப் பார்ப்பதுபோல் கேமரா எல்லாவற்றையும் பார்க்கிறது.

“ராத்திரி எவனாவது எடுத்துட்டுப் போனா, எந்தச் சேலைன்னு எப்படிச் சொல்றது?”

“சேலைன்னு சொல்லலாம்ணா. கலர் தெரியணும்னா உள்ள ஒரு சின்ன பல்பு எரியணும்.”

“அது சீட்டுல இருக்கு” என்கிறார் கணக்கர். ஒவ்வொரு சேலையின் மூலையிலும் ஒரு சீட்டு குத்தியிருக்கிறது. நம்பர், நிறம், எடை, விற்கும் விலை. அதற்குக் கீழே பொருளில்லாத நாலைந்து தமிழ் எழுத்துகள். அதுதான் அடக்க விலை. எழுத்து எதுவும் திரும்பி வராத பத்தெழுத்துச் சொல் ஒன்று இந்தக் கடைக்கு உண்டு. எழுத்துக்கு ஒரு எண். அந்தச் சொல் இந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். வாங்க வருகிறவர் சீட்டைப் பிடித்துக்கொண்டே பேரம் பேசலாம், அடக்கம் என்ன என்று அவருக்குத் தெரியாது.

சின்ன பல்பு எரியட்டும் என்று முடிவாகிறது.

பையன் பையைக் கட்டும் முன் கடைசியாக ஒன்று பார்க்கிறான். ரெக்கார்டரின் பாஸ்வேர்டு. பெட்டியில் வந்தபோது என்ன இருந்ததோ அதேதான் இன்னும். அவன் முதல்முறையாக முகம் சுளிக்கிறான்.

“இதை மாத்தவே இல்லையாண்ணா? யார் வேணும்னாலும் உள்ள வரலாமே.”

அவன் மிகைப்படுத்தவில்லை. 2016-இல் மிராய் என்ற ஒரு நிரல் உலகம் முழுதும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்து வைத்துக்கொண்டது. அதன் கையில் இருந்ததெல்லாம் இப்படிப் பெட்டியோடு வரும் சில டஜன் பாஸ்வேர்டுகளின் பட்டியல். அந்த அக்டோபரில் அவற்றை ஏவி, பெரிய இணையதளங்கள் பலவற்றைச் சில மணி நேரம் முடக்கினார்கள். கேமராவின் சொந்தக்காரர்களுக்குத் தெரியவேயில்லை. அவர்கள் கடையில் படம் வந்துகொண்டுதான் இருந்தது. இந்தியாவிலும் 2025 ஏப்ரல் 9 முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறாத புதிய கேமராக்களை விற்கக்கூடாது என்ற விதி நடப்பில் இருக்கிறது. சோதனையில் தேறிய கேமராவுக்கும் பாஸ்வேர்டை வைக்க வேண்டியவர் கடைக்காரர்தான்.

பையன் ரெக்கார்டரைத் திருப்பி வைத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறான். “நீங்களே அடிங்கண்ணா. எனக்குக்கூடத் தெரிய வேணாம். எண் நெறைய வர்ற மாதிரி வையுங்க.”

முதலாளி ஒரு விரலால் அடிக்கிறார். இரண்டாம் முறையும் அதையே அடிக்கிறார். பச்சை டிக் வருகிறது. கணக்கர் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பேனாவைத் திறக்கிறார்.

“ஐயா, ஐயா, எழுதாதீங்க! பாஸ்வேர்டை எங்கேயும் எழுதக்கூடாது.”

“எழுதாதது கணக்கே இல்ல தம்பி. இவருக்கு நாளைக்கே மறந்துடும்.”

முதலாளி ஒவ்வொரு எண்ணாகச் சௌராஷ்டிரத்தில் சொல்கிறார். கணக்கர் எழுதி முடித்து, புத்தகத்தைப் பையன் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். எண் ஒன்றுகூட இல்லை. சேலைச் சீட்டில் இருப்பதுபோல எட்டுத் தமிழ் எழுத்துகள்.

பையன் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்கிறான். ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி படிக்கிறான்.

“இது ஓகேங்க ஐயா” என்கிறான். “நான் பில் போடட்டுமா?”

“போடு. வயர் எத்தனை மீட்டர் செலவாச்சுன்னு தனியா எழுது” என்கிறார் கணக்கர். “மீதிச் சுருளை இங்க கொண்டா, எடை போடணும்.”